தலப்பாக்கட்டிக்குப் பெயர் வைத்தது யார்?

தொழிலில் ஜெயித்த கதைகள் என்று வரும் கட்டுரைகளில் எங்கள் ஊர் தலப்பாக்கட்டி பிரியாணி தவறாமல் இடம்பிடிக்கிறது. எல்லாரும் சொல்லும் காரணம் இரண்டு: ரகசிய மசாலா, நல்ல பிராண்டிங். திண்டுக்கல்லிலேயே வளர்ந்தவன் நான். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

1957-ல் நாகசாமி நாயுடு திறந்த கடையின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். சாப்பிட வந்த ஜனங்கள் அதை வைத்தே கடையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். போர்டில் இருந்த பெயர் பின்னால் போய்விட்டது. அப்புறம் இதில் பிராண்டிங் செய்தது யாருங்க? அடிக்கடி வருகிறவன்தானே கடைக்குப் பட்டப்பெயர் வைப்பான்!

அடுத்து மசாலா. அதைவிட முக்கியம் சீரக சம்பா அரிசி என்பேன். பொடி அரிசி, பாஸ்மதி மாதிரி நீளமாகப் பூத்து நிற்காது. ஆனால் மசாலாவையும் கறிச்சாறையும் நன்றாக இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் குழைந்துவிடும். ஆட்டுக்கறிக்கு கன்னிவாடி, பரமத்தி சந்தைகளைச் சொல்வார்கள். இதெல்லாம் ஊரறிந்த விஷயம், ரகசியமே இல்லை. விலை ஏறும்போதும் அதே அரிசியை, அதே கறியை வாங்குவதுதான் கஷ்டம்.

'தரம் இருந்தால் போதுமா? திண்டுக்கல் பூட்டு என்ன ஆச்சு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கையால் செய்த அந்தப் பூட்டு தலைமுறை தாண்டி உழைக்கும். அதனாலேயே வாங்கியவன் மறுபடி கடைக்கு வர வேண்டியதில்லை. அலிகாரிலிருந்து மலிவான பூட்டுகள் வந்தபோது பட்டறைகள் தாக்குப்பிடிக்கவில்லை. புவிசார் குறியீடு கிடைத்ததே 2019-ல்தான். ஆக, தரம் மட்டும் பிழைப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சாப்பாட்டுக் கடை வேறு. அங்கே ஆள் திரும்பி வந்துதான் ஆகணும். நாங்கள் பத்து வருஷமாக ஞாயிறுதோறும் பார்சல் வாங்கிய சின்னக் கடை ஒன்று உண்டு, பெயர் வேண்டாம். ஒருநாள் அரிசி மாறியிருந்தது, விலை மாறவில்லை. கேட்டேன். "அதே அரிசிதாண்ணே" என்றார், முகத்தைப் பார்க்காமல். 'கட்டுப்படியாகலை, இருபது ரூபாய் கூட ஆகும்' என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். சண்டை எதுவும் போடவில்லை. அதற்கப்புறம் போகவும் இல்லை. ஏன் போகவில்லை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.