காகங்கள் திரும்பிய வசந்தம்

இயற்கைக் காட்சியைத் தீட்டும் ஓவியனிடம் "மனிதன் எங்கே?" என்று கேட்பது நம்மவர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. மனித உருவம் இல்லாத சித்திரம் சமுதாயத்திலிருந்து ஓடி ஒளிவதன் அடையாளம் என்பது அவர்தம் தீர்ப்பு. அழகுவாதிகளோ அதே சித்திரத்தைத் தம் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கின்றனர். இரு சாராரும் ருஷ்ய ஓவியர் அலெக்சி சவ்ராசவின் 'காகங்கள் திரும்பிவிட்டன' என்ற படைப்பைச் சற்று நின்று பார்த்தல் நன்று.

1871ஆம் ஆண்டு வசந்தத் தொடக்கத்தில், கொஸ்த்ரோமா மாகாணத்து மொல்வீத்தினோ கிராமத்தில், வெட்டவெளியில் நின்று இதற்கான முன்வரைவுகளை அவர் தீட்டினார். மலரில்லை, பசுமையுமில்லை. பழைய வெண்பனி அழுக்கேறிக் கிடக்கிறது. உருகிய நீர் ஒருபுறம் தேங்கியிருக்கிறது. நெளிந்த பேர்ச் மரங்களில் காகங்கள் கூடு கட்டுகின்றன. ஒன்று தரையில் சுள்ளியைக் கவ்வி நிற்கிறது. (நம் முற்றத்துக் காகமன்று இது, குளிருக்கு அஞ்சித் தெற்கே சென்று, பனி உருகத் திரும்பும் அதன் இனப் பறவை.) பின்னால் பலகை வேலி, எளிய வீடுகளின் கூரைகள், காரை பெயர்ந்த தேவாலயக் கோபுரம், அப்பால் வயல்வெளி.

மனித உருவம் ஒன்றேனும் முதன்மை பெறவில்லை. எனினும் வேலியை நாட்டியவன் யார், அந்த வயல் யாருடைய உழைப்புக்குக் காத்திருக்கிறது என்பவை பார்ப்போனுக்குப் புலனாகாமற் போவதில்லை.

அறைக்குள் இருந்து நினைவினால் தீட்டுவோன் வெண்பனிக்கு வெண்மையையே பூசுவான். வெளியில் நிற்பவனுக்கோ அது சாம்பல், நீலம், மண்ணிறம் எனப் பலவாகத் தோன்றும். இன்று கண்ட பனி நாளை இராது. ஆதலின் கை விரைய வேண்டும், கண் பொய் சொல்லலாகாது. ஆயினும் வெளியே போவது மாத்திரம் போதுமா? இத்தாலிய வானத்தையும் பழைய இடிபாடுகளையும் நாடி வெளியே போன ஓவியர் பலர் உளர். சவ்ராசவ் தம் ஓவியத் தாங்கியை ஓர் எளிய கிராமத்தின் சேற்றில் நாட்டினார். அவரது யதார்த்தவாதம் அந்தத் தெரிவிலேயே தொடங்குகிறது.

புராணக் கதையொன்றையே வரையவேண்டுமென்ற கட்டளையை மறுத்து, 1863இல் பீற்றர்ஸ்பேர்க் கலைக்கழகத்திலிருந்து 14 மாணவர் வெளியேறினர். அந்த எதிர்ப்பின் வழியில் 1870இல் எழுந்த நடமாடும் கண்காட்சிச் சங்கத்தின் தாபகருள் சவ்ராசவும் ஒருவர். 1871இல் அதன் முதற் கண்காட்சியில் இச்சித்திரம் இடம்பெற்றது. பின்னர் அது ஊர் ஊராகச் சென்றது.

மொஸ்கோ ஓவியப் பள்ளியில் ஆசிரியராயிருந்த அவர், மாணவரை வகுப்பறைக்கு வெளியே அனுப்பினார். அவர்களுள் லெவித்தான் ஒருவர். யூதர் என்பதனால் 1879இல் மொஸ்கோவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அவருடைய 'மார்ச்' (1895) சித்திரத்தில் நீல நிழல் படிந்த பனி, திறந்த கதவு, வாசலில் வண்டியுடன் காத்து நிற்கும் குதிரை ஆகியன உள. இங்கும் ஆளில்லை, ஆனால் யாரோ இப்பொழுதுதான் உள்ளே சென்றிருக்கிறார்.

ஆசிரியருக்கு வாய்த்தது வேறு. 1882இல் பள்ளி அவரை நீக்கியது. குடியும் வறுமையும் சூழ்ந்த பிற்காலத்தில், பிழைப்புக்காக அந்தக் காகங்களையே திரும்பத் திரும்பப் பிரதிசெய்து விற்றார். 1897இல் மொஸ்கோவில், ஏழைகளுக்கான மருத்துவமனை விடுதியொன்றில் இறந்தார்.