மிதிகட்டை என்னும் பெயருடைய ஏடு

ஓர் ஏட்டை மதிப்பிடப் புகுமுன் அதன் பெயரை நிறுத்துப் பார்ப்பது நம் வழக்கம். ஆஸ்திரேலியாவில், தனித்துவாழும் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் வெளியிடும் ஏட்டின் பெயர் ‘பெடல்ஸ்’, அதாவது மிதிகட்டைகள். கல்வி ஏட்டுக்கு இப்படியும் ஒரு பெயரா என முதலில் வியந்தோம்.

மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்கென ஆல்பிரட் டிரேகர் ஒரு வானொலிக் கருவியை உருவாக்கினார். 1929 முதல் அது பயனுக்கு வந்தது. காலால் மிதித்தால் மின்சாரம் பிறக்கும். கைகள் செய்தி அனுப்பும். அதன்வழி வளர்ந்த பறக்கும் மருத்துவர் வானொலி அமைப்பின் துணைகொண்டே 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வான்வழிப் பள்ளி தொடங்கிற்று. தபால்வழிப் பாடம் அதற்கும் மூத்தது. 1914இலேயே விக்டோரியா மாநிலத்தின் பீச் ஃபாரஸ்டில், பள்ளிக்குச் செல்ல இயலாத தம் மக்களுக்காகத் தந்தை ஒருவர் விடுத்த வேண்டுகோளே அதற்கு வித்து. ஆகவே ‘பெடல்ஸ்’ என்ற சொல்லில் ஒரு குடும்பத்தின் உழைப்பே அடங்கியுள்ளது.

சங்கம் தோன்றியது 1971இல், நியூ சவுத் வேல்ஸின் பூர்க் நகரில். கிராமப் பொருளாதாரம் நொடித்து, பிள்ளைகள் தங்கிப் படித்த விடுதி மூடப்படும் நிலை வந்தபோது பெற்றோர் கூடினர். இப்பிறப்பின் சாயல் ஏட்டின் நடையில் இன்றும் உண்டு. மாநாட்டுத் தீர்மானம், உதவித்தொகை, விடுதிச் செலவு, அமைச்சருக்கு விண்ணப்பம்! இலக்கியச் சுவை தேடுவார்க்கு ஏமாற்றமே. எனினும் அதனைக் குறையெனக் கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. 1973இல் மத்திய அரசு தனித்துவாழும் பிள்ளைகளுக்கான உதவித்திட்டத்தைத் தொடங்கியது என்பதை நினைக்குங்கால், விண்ணப்ப நடைக்கும் ஒரு வலிமை உண்டெனல் தகும்.

நாம் குறையெனக் காண்பது வேறு. பண்ணைக் குடும்பங்களிடையே பிறந்த சங்கமாதலின் அவர்தம் பார்வையே ஓங்கி நிற்கிறது. அதே பரந்த வெளியில் வாழும் ஆதிக்குடிப் பிள்ளைகளின் தனிமை அவ்வளவாகக் கேட்பதில்லை.

ஆனால் ஒன்றில் இவ்வேடு நம்மை நாணச் செய்கிறது. தபாலில் வரும் பாடத்தைச் சமையற்கட்டு மேசையில் விரித்து வைத்துக் கற்பிப்பவள் பெரும்பாலும் தாய்தான். அவளை ஆசிரியையாக மதித்து, அவளை நோக்கியே பேசுகிறது ‘பெடல்ஸ்’. நம் பிள்ளைகளைச் சுற்றிப் பள்ளிகள் பல உண்டு. தமிழில் மட்டும் அவர்கள் தனித்தீவுகள். அடுக்ககத்தின் ஒரு மூலையில், அலுவலகம் விட்டு வந்த களைப்போடு ‘அ, ஆ’ எழுதிக் காட்டும் அன்னையர் நம் சங்கத்தில் எத்தனை பேர்! அவர்களுக்கென நம் மலர்களில் எத்தனை பக்கம் ஒதுக்கினோம்? பழைய மலர்களைப் புரட்டினோம். வாழ்த்துரைகள் கண்டோம், நகைக்கடை விளம்பரங்கள் கண்டோம். இக்கட்டுரையாளர் உட்பட நாம் எழுதிய சங்க இலக்கிய ஆய்வுகளும் இருந்தன. ஒற்றெழுத்தைக் குழந்தைக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டு ஒரு தாய் எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. அப்படி எழுதலாம் என்று நாம் அவளிடம் சொன்னதும் இல்லை.