கீச்சா, தடதடவா?

வட அமெரிக்க வீட்டின் பேஸ்மென்ட்டில் துணி உலர்த்தும் டிரையர் கத்தத் தொடங்கினால், விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் காதைக் கொடுப்பார். ஸ்க்ரூ டிரைவர் பிறகுதான்.

டிரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 சுற்று சுற்றும். சுற்றுக்கு ஒரு 'டக்' என்றால் ஜீன்ஸ் பொத்தானாகவும் இருக்கலாம். விடாத தடதடப்பு என்றால் டிரம்மைத் தாங்கும் ரோலர்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சக்கரம், டிரம் ஒருமுறை சுற்றுவதற்குள் பல சுற்று ஓடிவிடும். அதன் ரப்பரில் ஓரிடம் தட்டையானால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடி.

கீச்சென்ற அலறல் பெரும்பாலும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் புல்லியுடையது. கலகலப்பு? ப்ளோயர் விசிறியில் மாட்டிய சில்லறை.

பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, டிரம்மைக் கையால் உருட்டிப் பார்ப்பது இந்தத் தொழிலின் அழகான சோதனை. அப்போதும் கரகரத்தால் ரோலரோ, விளிம்பில் தேய்ந்துபோன ஃபெல்ட் பட்டையோ காரணம். சத்தமே இல்லையென்றால் சந்தேகம் மோட்டார், புல்லி, விசிறி பக்கம் திரும்பும்.

அவசரக்காரர்கள் எண்ணெய் விடுவார்கள். இரண்டு நாள் அமைதி; பிறகு அந்தப் பிசுக்கில் துணிப்பஞ்சு அப்பிக்கொள்ளும். சூடான பெட்டிக்குள் எண்ணெயும் பஞ்சும் தீக்கு விருந்து. தெரிந்தவர் ரோலர்களை ஒருசேர மாற்றி, அவை சுழலும் தண்டைத் துடைத்து, அடியில் மெத்தைபோல் கிடக்கும் பஞ்சை வாக்குவம் வைத்து உறிஞ்சுவார். கூடவே இரண்டு ஹேர்பின், ஒரு குழந்தைச் சாக்ஸ்.