சிற்றுருவமும் வண்ணமும்: ஹப்புவித அரக்கு வேலையை முன்வைத்து ஒரு நோக்கு

கலை வரலாறு எழுதுவோரின் கவனம் பெரும்பாலும் பெரிய பொருள்களின் மீதே படிந்து வந்துள்ளது. கோபுரத்துக்கும் கற்சிலைக்கும் அத்தியாயங்கள் ஒதுக்கப்படுகின்றன. உள்ளங்கையுள் அடங்கும் சுண்ணாம்புச் சிமிழுக்கு ஓர் அடிக்குறிப்புக் கிடைத்தாலே பெரிது. இந்த அலட்சியம் தற்செயலானதென நாம் கருதவில்லை. பெரிய பொருளின் பின்னால் அதனை ஆக்குவித்தவன் தெரிகின்றான். சிறிய பொருளிலோ ஆக்கியவனின் கை மாத்திரமே தெரிகின்றது. அக்கைக்குரியவனுக்குத் தன் பொருளின் மீது இருந்த உரிமை யாது என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா.

மாத்தளை மாவட்டத்து ஹப்புவித என்னும் கிராமம் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. அங்கு வழங்கும் முறைக்குச் சிங்களத்தில் நகத்தின் பெயராலேயே பெயர் அமைந்துள்ளது. அரக்குடன் நிறப்பொடியைச் சேர்த்துக் கரிநெருப்பில் இளக்கி, இழுத்தும் அடித்தும் நிறம் ஒன்றுபடச் செய்வர். பின்னர் அதனை மெல்லிய இழையாக நீட்டி, சூடேற்றிய மரத்தின் மீது படியவைத்து, வேண்டிய இடத்தில் பெருவிரல் நகத்தால் துண்டிப்பர். ஓலைத் துண்டினால் தேய்த்து மெருகேற்றுவர். தூரிகைக்கு இங்கே இடமில்லை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை எனச் சில நிறங்களே கையாளப்பட்டன. அச்சிலவற்றைக் கொண்டே கைத்தடியும், ஈட்டிக்காம்பும், ஆலவட்டப் பிடியும், ஏட்டுச்சுவடியின் மேற்சட்டமும் அணிபெற்றன. தென்மாகாணக் கரையோரத்தில் வழங்கும் கடைசல் முறை இதனின்று வேறுபட்டது. அங்கே சுழலும் மரத்தின் மீது அரக்குக் கட்டியை அழுத்த, உராய்வின் சூட்டிலேயே நிறம் பற்றிக்கொள்ளும். வேகமும் ஒழுங்கும் அம்முறையின் சிறப்பு. ஹப்புவித முறையில் ஒவ்வோர் இழையும் ஒரு தனித் தீர்மானம்.

இத்தகைய வேலைகளை உலகறியச் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக இருந்த அவர், கற்களைத் தேடிச் சென்ற கண்டிப் பிரதேசக் கிராமங்களில் கைவினைஞரைக் கண்டார். அதன் விளைவே 1908 இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே, இங்கிலாந்தின் புறோட் கம்டனில், பதினைந்து மாதங்களில் 425 பிரதிகள் அச்சிடப்பட்டன. நூலே ஒரு கைவினைப் பொருள்தான். அதிற் பேசப்படும் கிராமத்தவருள் எத்தனை பேர் அதனைக் கண்ணாற் கண்டிருப்பர் என்பது வேறு விடயம்.

மொறிஸைப் பின்பற்றி, உழைப்பில் மகிழ்ச்சி என்னும் கருத்தைக் கண்டிக் கிராமத்தில் மெய்ப்பிக்க முயன்றார் குமாரசுவாமி. இறக்குமதிச் சரக்கும் ஆதரவிழப்பும் கைவினையைச் சிதைத்தன என்ற அவரது குற்றச்சாட்டு வலுவானது. குடியேற்றவாதத்தின் பொருளாதாரத் தாக்கத்தை அவ்வளவு முன்னதாகக் கண்டுரைத்தமைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அவர் காட்டும் கைவினைஞன் நிலத்தைச் சேவைக்கு ஈடாக வைத்திருந்தவன். அவனது தொழில் சாதியால் வகுக்கப்பட்டது. குமாரசுவாமி இதனை மறைக்கவில்லை, விரிவாகவே விளக்குகின்றார். ஆனால் அதிற் பாதுகாப்பையே கூடுதலாகக் காண்கின்றார். சோற்றுக்கு அஞ்சாது நிதானமாக வேலைசெய்ய நிலம் இடமளித்தது உண்மை. அந்நிலமே அவனை வேறொன்றாக ஆகவிடாமற் கட்டிவைத்தது என்பதும் உண்மை. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னரும் விகாரை, தேவாலய நிலங்களில் இக்கட்டு நீடித்தது.

இனி, முற்றிலும் வேறொரு சூழலில் தோன்றிய ஒரு சிற்றுருவக் கலையை இதனருகில் வைத்துப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1893 இல் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயப் போர்வீரர்களை வார்க்கத் தொடங்கியது. அத்தகைய பொம்மைகளைக் கொண்டு ஆடுவதற்கு எச். ஜி. வெல்ஸ் 1913 இல் விதிநூலொன்றே எழுதினார். 1983 இல் வெளிவந்த 'வார்ஹாமர்' என்னும் மேசைப் போர்விளையாட்டோடு இப்பழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. இன்று அவ்வுருவங்கள் பெரும்பாலும் பிளாஸ்திக்கில், வண்ணமின்றி, உறுப்பு உறுப்பாக விற்கப்படுகின்றன. வாங்கியவர் ஓர் உருவின் கையை அறுத்து இன்னொன்றிற் பொருத்துகின்றார். பிசினால் இடைவெளியை நிரப்புகின்றார். அடிநிறம் பூசி, நீர்த்த கருநிறத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை ஒளிரச் செய்கின்றார். முடித்ததும் படம்பிடித்து, எந்த நிறத்தோடு எதனைக் கலந்தார் என்பது வரை சக ஆர்வலருக்குச் சொல்லிவிடுகின்றார்.

இக்கடைசிச் செயல் நம் கவனத்துக்குரியது. பிறப்பினால் அன்றி விருப்பத்தினால் வந்த தொழில்நுட்பம் கேட்டவர்க்கெல்லாம் கைமாறுகின்றது. பொருளும் பெரும்பாலும் விற்பனைக்கன்று. மொறிஸ் கனவுகண்ட மகிழ்ச்சி இதுவோ என ஒருகணம் தோன்றும். ஆனால் உருவம் தொழிற்சாலை அச்சிலிருந்து வந்த பண்டம். அதற்கு வண்ணம் தீட்டும் மாலைப்பொழுதோ பகலெல்லாம் வேறெங்கோ விற்ற உழைப்பினால் வாங்கப்பட்டது. மகிழ்ச்சி உழைப்பைவிட்டு ஓய்வுக்குள் ஒதுங்கிவிட்டது. ஓய்வும் கையிற் காசும் அற்றவருக்கு அதுவும் இல்லை.

இவ்விரண்டையும் மதிப்பிடுவோர் இரு வேறு அளவுகோல்களைக் கையாளுகின்றனர் என்பதே நமது குற்றச்சாட்டு. பொழுதுபோக்காளர் உருவை மாற்றினால் அது கற்பனைவளம் எனப்படுகின்றது. அரக்குக் கைவினைஞர் புதிய சாயத்தைச் சேர்த்தாலோ, பயணிகளுக்கென வேறு வடிவமொன்றைச் செய்தாலோ மரபு கெட்டது என்ற புலம்பல் எழுகின்றது. அவரிடம் நாம் வேண்டுவது தூய்மை. அத்தூய்மைக்கான விலையைக் கொடுக்க மாத்திரம் எவரும் முன்வருவதில்லை. 1982 இல் தேசிய அருங்கலைகள் பேரவைக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. பேணுதல் என்ற சொல் அன்றுதொட்டு மேடைகளில் நிறையவே ஒலிக்கின்றது. பேணப்படுவது பொருளா, அதனைச் செய்பவரா என்பது அச்சொல்லிலிருந்து விளங்குவதில்லை.

மரபு மாற்றத்தைத் தாங்காது என்போர் மாத்தளை நகருக்குள்ளேயே சற்று நடந்து முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராசகோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம். வடக்குப் பாதையால் நடந்துவந்து தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களின் வாழ்வோடு வளர்ந்த கோயில் அது. கோபுரத்துச் சுதையுருவங்கள் குடமுழுக்குக்குக் குடமுழுக்குப் புதுவண்ணம் பெறுவது நம் கோயில்களின் வழமை. பழைய நீலம் எங்கே எனக் கேட்டு வழிபாட்டை நிறுத்திக்கொண்ட பக்தர் எவருமிலர். அங்கு மாற்றம் புனிதத்தைக் குறைக்கவில்லை; ஹப்புவிதவில் மாத்திரம் ஏன் குறைக்கவேண்டும்?

பேராதனையிலிருந்து ஹப்புவித எட்டாத் தொலைவிலன்று. எனினும் அங்குச் செல்லும் நம் ஆய்வாளர் அலங்கார வடிவங்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு திரும்புகின்றனர். கோலத்தைத் தீர்மானிப்பவர் கைவினைஞரா, வாங்குபவரா? ஒரு கைத்தடிக்குச் செல்லும் மணித்தியாலங்கள் எத்தனை, கைக்கு வரும் பணம் எவ்வளவு? பிள்ளைக்கு இத்தொழிலைக் கற்பிக்க அவர் விரும்புகின்றாரா? விற்பனைக்கன்றித் தம் மனத்துக்குப் பிடித்தவாறு அவர் கடைசியாகச் செய்த பொருள் எது, அது இப்போது எங்கே? அடுத்த களஆய்வு இவ்வினாக்களோடு தொடங்கட்டும். வடிவங்களின் பெயர்ப்பட்டியல் குமாரசுவாமியிடம் முன்னரே உள்ளது.