மனச்சோர்வின் வேர் எங்கே? அம்பாறைக் கரையிலிருந்து ஒரு பார்வை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையின் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறையே அதிக உயிர்களை இழந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, தம்பிலுவில் எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்தக் கரை, 1990இன் படுகொலைகளையும் காணாமலாக்கல்களையும் ஏற்கெனவே சுமந்திருந்தது. பதகளிப்பையும் மனச்சோர்வையும் விளக்கும் உளவியல் கோட்பாடுகளுக்கு இது கடுமையான பரீட்சைக் களம். காரணம் எங்கே இருக்கிறது என்கிறோமோ, உதவியும் அங்கேதான் போய்ச் சேரும்.

துக்கத்தையும் மனச்சோர்வையும் பிரித்துக் காட்டியவர் சிக்மண்ட் பிராய்ட். 1917இல் வெளியான அவரது கட்டுரைப்படி, துக்கத்தில் மனம் பிரிந்துபோனவரிடமிருந்து மெல்லமெல்ல விடுபடும். மனச்சோர்விலோ பிரிந்துபோனவர்மீதான கோபம் தன்மீதே திரும்பும். ஆனால், உடலே கிடைக்காத வீட்டில் துக்கம் எப்படி முடியும்? அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். முடிவு தெரியாத நிலைமையே அங்கே கோளாறு. காத்திருப்பவரை நோயாளி என்பது தவறு. கடல் கொண்டுபோனவருக்காகவும் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பாதவருக்காகவும் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இவ்விளக்கம் பொருந்துகிறது.

பயம் ஏன் நிலைக்கிறது என்பதை நடத்தைவாதிகள் காட்டினார்கள். கடற்கரையைத் தவிர்க்கும் பிள்ளைக்கு அந்தக் கணத்தில் நிம்மதி. அந்த நிம்மதியே தவிர்ப்பைப் பழக்கமாக்குகிறது. ஆரன் பெக்கின் அறிதிறன் கோட்பாடு, நிகழ்வுக்கு மனம் கொடுக்கும் பொருளைப் பார்க்கிறது. "பிள்ளையின் கையை விட்டது நான்தான்" என்று ஒரு தாய் தனக்கே வழங்கும் தீர்ப்பு, தன்னையும் உலகையும் எதிர்காலத்தையும் ஒருசேர இருட்டாக்கும். அத்தீர்ப்பை அவரோடு சேர்ந்து மறுவிசாரணை செய்வதே சிகிச்சை.

1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் செய்த பரிசோதனையில், தடுக்க முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் பின்னர் தப்ப வழியிருந்தும் முயலவில்லை; முயன்று பயனில்லை என்று அவை கற்றுவிட்டன என்பது அன்றைய விளக்கம். 2016இல் இருவருமே அவ்விளக்கத்தைத் திருத்தினார்கள்: செயலற்றுக் கிடப்பதே இயல்பான எதிர்வினை, தன் செயலால் மாற்றம் வரும் என்பதைத்தான் மூளை கற்க வேண்டியிருக்கிறது. நிவாரண காலத்தில் இக்கரை கற்றது என்ன? கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டத் தடை வந்தது. இம்மாவட்டத்தின் நுரைச்சோலையில் வீடிழந்தோருக்காகக் கட்டிய 500 வீடுகள் ஆண்டுக்கணக்கில் கையளிக்கப்படாமற் கிடந்தன.

லண்டன் பெண்களை ஆராய்ந்த ஜோர்ஜ் பிரவுணும் டிரில் ஹரிஸும், மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாமை மனச்சோர்வுக்கு வழிவிடுவதை 1978இல் காட்டினர். இங்கே தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். தாயும் அக்கா தங்கையரும் அயல் வளவுகளில் இருப்பார்கள். வேறிடங்களில் குடியேற்றியபோது சிதறியது அந்த நெருக்கமே.

யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதையே கூட்டு மனவடு என்று எழுதினார். சமூகமே காயப்பட்டால் சமூகமாகவே ஆற வேண்டும். தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிக் குளிர்த்தியில், நீதி கேட்டுக் கொதித்த ஒருத்தியின் சினத்தை ஊரே கூடித் தணிக்கிறது. உடல் இல்லாதபோதும் முஸ்லிம்கள் தொழும் காயிப் ஜனாஸா, ஒரு வீட்டின் துயரை ஊரின் துயராக்குகிறது. போர்க்கால மட்டக்களப்பில், அம்மன் கோயில்களில் உருவேறிச் சொல்லப்பட்ட வாக்கு காணாமற்போனோரின் உறவுகளைத் தாங்கியதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

இதனால் மருந்து வேண்டாம் என்றாகாது. உறக்கமும் பசியும் அற்று உயிரை மாய்க்க நினைக்கும் கட்டத்தில் மனச்சோர்வு உடலின் நோயும்தான். வைத்தியசாலைக்குப் போகத் தயங்கக் கூடாது. வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், நினைவைக் கதையாகச் சொல்லவைத்த சிகிச்சையும் தியானத் தளர்வுப் பயிற்சியும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. எந்தக் கோட்பாடும் தனி உரிமை கொண்டாட முடியாது.

உளவளத்துணையாளர் உறக்கத்தைப் பற்றிக் கேட்பதோடு, காணி என்னாயிற்று, காணாமற்போனவர் பற்றிப் பதில் வந்ததா என்றும் கேட்க வேண்டும். அவற்றுக்கு விடை தர வேண்டியது அரசு. அந்த விடையும் சிகிச்சையின் ஒரு பகுதியே.