மையம் இல்லாத வலை என்கிற கதை

அணுகுண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத ஒரு வலையை அமெரிக்க ராணுவம் பின்னியது, அதுதான் பிறகு இன்டர்நெட் ஆனது என்கிற கதையை நம்மில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு மேடையில் சொல்லியிருக்கிறோம். நான் எழுதியே இருக்கிறேன். முதுகலைத் தமிழ் படித்த காலத்தில் தெல்யூஸ், கத்தாரி பெயர்களைப் புதிதாகக் கேள்விப்பட்ட உற்சாகத்தில், அவர்கள் பேசும் கிழங்குவேர் உருவகத்துக்கு இணையமே கண்கண்ட சாட்சி என்று நாலு பக்கம் எழுதி, அது ஒரு இதழில் அச்சாகியும் வந்தது. மரம்போல ஒரு தண்டு, அதிலிருந்து கிளை என்றில்லாமல் எந்தப் புள்ளியும் எந்தப் புள்ளியோடும் ஒட்டிக்கொள்ளும் அமைப்பு. மையம் கிடையாது, ஆகவே தலை கிடையாது, ஆகவே யாராலும் வெட்ட முடியாது. இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. கூச்சப்பட்டுவிட்டு ஒதுக்கிவைக்கவும் முடியவில்லை. போன மாதம் ஒரு கூட்டத்தில் இளம் தோழர் ஒருவர் அதே வாதத்தை அதே வரிசையில் சொன்னார். தன் அமைப்பின் துண்டறிக்கைகள், படங்கள், உறுப்பினர் பட்டியல் எல்லாம் இரண்டே கம்பெனிகளின் கிடங்குகளில் பத்திரமாக இருப்பதாகவும் பெருமையோடு சொன்னார். ஒரு கதையாடல் வெறும் கதையாக நிற்பதில்லை, ஆட்களை ஒரு இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது. ஆகவே கதையை அதன் பிறப்பிடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அணுகுண்டுப் பகுதி முழுப் பொய் இல்லை. ரேண்ட் நிறுவனத்தில் பால் பரான் என்ற பொறியாளர் 1960களின் தொடக்கத்தில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்: தொலைபேசி இணைப்பகங்கள் குண்டுக்கு இரையாகிவிட்டால் கட்டளை எப்படிப் போய்ச் சேரும்? 1964ல் வெளியான அவருடைய அறிக்கைத் தொடரில் மூன்று படங்கள் வருகின்றன. ஒன்றில் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளிக்குப் போகின்றன. இன்னொன்றில் பல சிறு மையங்கள். மூன்றாவது மீன்வலை மாதிரி. நாம் காதலித்தது அந்த மூன்றாவது படத்தைத்தான். ஆனால் பரான் வரைந்த வலை கட்டப்படவே இல்லை. தொலைபேசியை ஏகபோகமாக வைத்திருந்த ஏடி அண்ட் டி கம்பெனி, இது வேலைக்காகாது என்று தள்ளிவிட்டது.

கட்டப்பட்டது வேறு. 1957ல் ஸ்புட்னிக் பறந்த அதிர்ச்சியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1958ல் தொடங்கிய ஆர்ப்பா என்கிற ஆராய்ச்சி முகமையில் கணிப்பொறிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ராபர்ட் டெய்லர். பென்டகனில் அவர் அறையில் மூன்று முனையங்கள் இருந்தன. மூன்றும் மூன்று இடங்களில் இருந்த மூன்று கணிப்பொறிகளோடு பேசும், ஒன்றோடொன்று பேசாது. ஒன்றிலிருந்து எழுந்து இன்னொன்றின் முன்னால் போய் உட்கார வேண்டும். இந்த எரிச்சலிலிருந்துதான் 1966ல் திட்டம் கிளம்பியது. விலை அதிகமான கணிப்பொறிகளைப் பல பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்வது நோக்கம். அணுயுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டெய்லர் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப மறுத்துவந்தார். 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்கிற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். முதல் இரண்டு எழுத்து போனதும் மறுமுனைக் கணிப்பொறி படுத்துவிட்டது.

டெய்லரின் மறுப்பையும் நாம் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. வியட்நாமில் குண்டு போட்டுக்கொண்டிருந்த அதே துறையின் பணம் அது. விஞ்ஞானிகள் அப்பாவிகள், பணம் எங்கிருந்தோ வந்தது என்கிற கதை அணுகுண்டுக் கதையைவிட நேர்மையானதாக எனக்குப் படவில்லை. என்னுடைய கேள்வி வேறு: நாம் கொண்டாடிய அந்த மையமின்மை, கட்டப்பட்ட வலையில் எங்கே இருந்தது, எங்கே இல்லை?

செய்தி பயணம் செய்யும் விதத்தில் அது நிஜமாகவே இருந்தது. பரானைப் பற்றித் தெரியாமலேயே இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் 1965ல் அதே யோசனைக்கு வந்து சேர்ந்தார். செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கிடைத்த வழியில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் கோத்துக்கொள்வது. அந்தத் துண்டுக்கு 'பாக்கெட்' என்று அவர்தான் பேர் வைத்தார். பிற மொழிகளிலும் இந்தச் சொல் எடுபடுமா என்று ஒரு மொழியியலாளரைக் கேட்டுவிட்டு வைத்தாராம். நம்மைக் கேட்டிருந்தால் பொட்டலம் என்று சொல்லியிருப்போம். பொட்டலம் எந்த வழியிலும் போகலாம். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் முகவரி எழுதியிருக்க வேண்டும். நான் மாணவப் பருவத்தில் எழுதிய நாலு பக்கத்தில் வழியைப் பற்றி நிறைய இருக்கிறது, முகவரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1970களில் இந்த வலையின் கணிப்பொறிப் பெயர்கள் எல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் தகவல் மையத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்கிற பெண்ணின் தலைமையில் இயங்கிய குழு அதைப் பராமரித்தது. உங்கள் கணிப்பொறிக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் அங்கே தொடர்புகொண்டு சொல்ல வேண்டும், அதுவும் கலிஃபோர்னியாவின் அலுவலக நேரத்தில். மையமில்லாத வலைக்கு ஒரு டெலிபோன் நம்பர் இருந்தது, சாயங்காலம் ஆனால் யாரும் எடுக்க மாட்டார்கள்! (தொடக்க வரலாறுகளில் ஆண்களின் பெயர்களே வரிசையாக வருவதையும், பட்டியல் பராமரித்த பெண் அடிக்குறிப்புக்குப் போவதையும் தனியாக எழுத வேண்டும்.) கணிப்பொறிகள் பெருகியதும் 1983ல் பெயர்முறையைப் பலருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ஆனால் பிரித்துக்கொடுக்கப்பட்ட மரத்துக்கும் ஒரு வேர் உண்டு. கிழங்குவேர் அல்ல, ஆணிவேர்.

அந்த ஆணிவேரைப் பல காலமாகக் கவனித்துவந்தவர் ஜான் போஸ்டல், தாடியும் செருப்புமாகத் திரிந்த ஒரு கணிப்பொறி அறிஞர். 1998 ஜனவரி 28 அன்று, வேர்ப் பட்டியலை வைத்திருந்த பன்னிரண்டு துணை வழங்கிகளில் எட்டை நடத்தியவர்களுக்கு, இனிமேல் பட்டியலை அரசு ஒப்பந்தக் கம்பெனியின் கணிப்பொறியிலிருந்து எடுக்காமல் என்னிடமிருந்து எடுங்கள் என்று எழுதினார். எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்க அரசு பதறிப்போய்த் தலையிட்டது. போஸ்டல் அது ஒரு சோதனைதான் என்று சொல்லிப் பழைய நிலைக்குத் திருப்பினார். அதே ஆண்டு அக்டோபரில் இறந்தும்போனார். அந்தச் சில நாட்களில் உலகத்தில் யாருக்கும் எதுவும் தடைபடவில்லை. ஆனால் மையம் இருக்கிறது, அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார் என்பது வெளியே தெரிந்துவிட்டது. அமெரிக்க அரசின் நேரடி ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1ல் முடிந்தது. பொறுப்பேற்றிருக்கும் ஐகான் அமைப்பும் கலிஃபோர்னியச் சட்டத்தின் கீழ்ப் பதிவானதுதான்.

தமிழ் படித்தவன் என்பதால் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை. வலைக்குள் போகும் எதுவும் எண்ணாக மாற வேண்டும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று 1963ல் அமெரிக்கர்கள் வகுத்த ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு அதில் ஒரு இடமும் இல்லை. ஆகவே 1990களில் நம்ம ஆட்கள் ஆளுக்கொரு எழுத்துரு செய்து, ஆங்கில இடங்களில் தமிழை உட்கார வைத்தார்கள். ஒருவர் அடித்தது இன்னொருவர் திரையில் கிறுக்கலாகத் தெரிந்தது. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி போன்றவர்களும், ஐரோப்பாவிலும் கனடாவிலும் சிதறிக் கிடந்த ஆர்வலர்களும் சம்பளமில்லாமல் உழைத்துத்தான் தமிழ் திரைக்கு வந்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களிலிருந்து நவீன இலக்கியம்வரை இலவசமாகக் கையில் கொடுத்தது. கல்லூரி நூலகத்தில் பூட்டிய அலமாரிச் சாவிக்காக நின்ற என்னைப் போன்றவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

பிறகு யூனிகோடு வந்தது. 1991ல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. ஆனால் எப்படி? இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி, தேவநாகரி வரிசையின் மேல் தமிழ் பரப்பப்பட்டது. அட்டவணையைப் பாருங்கள்: ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று காலி இடங்கள், நம்மிடம் இல்லாத மூன்று நாகரி எழுத்துகளுக்கானவை. னகரம் நகரத்துக்குப் பக்கத்தில், றகரம் ரகரத்துக்குப் பக்கத்தில். வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால் அகராதி குலைந்துபோகும். சரிப்படுத்தத் தனி விதி எழுத வேண்டும். நம் இலக்கணத்தில் மெய் முதலில், அதில் உயிர் சேர்ந்தால் உயிர்மெய். இங்கே உயிர்மெய்யான 'க' மூலப்பொருள். அதில் புள்ளியைச் சேர்த்தால் 'க்'. அந்தப் புள்ளிக்கும் ஆவணத்தில் 'விராமா' என்றுதான் பெயர்.

இதைச் சொன்னதும் இனப்பெருமைப் பேச்சாளர்கள் மைக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தெரியும். அவர்கள் கூடாரத்துக்கு நான் வரவில்லை. இந்தக் கட்டுரையை அதே யூனிகோடில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்; அது இல்லாவிட்டால் தமிழில் தேடுவது இந்த அளவு சாத்தியமாகியிருக்காது. ஒழுங்குபடுத்துகிற எந்த அட்டவணையும் யாரோ ஒருவரின் வரிசையை எல்லோருக்குமான வரிசையாக்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். மையம் ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் அது எழுத்தின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம்விட அவசரமானது வாசற்கதவு. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்தைப் பார்த்து, தலைமையற்ற போராட்டம், இணையத்தின் பிள்ளை என்று நாம் எழுதிக் குவித்தோம். கைபேசி இல்லாமல் அந்தக் கூட்டம் அவ்வளவு வேகமாகக் கூடியிருக்காது என்பது உண்மை. அடுத்த ஆண்டு மே 22ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக நூறாவது நாள் ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் 13 பேர் கொல்லப்பட்டார்கள். மே 23ல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாட்களுக்கு இணையத்தை நிறுத்த மாநில உள்துறை உத்தரவிட்டது. ஆத்திரமூட்டும் செய்திகள் பரவாமல் தடுக்க என்பது சொல்லப்பட்ட காரணம். அதே மாதம் 9ஆம் தேதி போளூர் பக்கம் கோயிலுக்குப் போன வயதான பெண்ணை, பிள்ளைபிடிக்கிற கூட்டம் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊரே அடித்துக் கொன்றது. வதந்தி நிஜமாகவே ஆளைக் கொன்ற இடத்தில் யாரும் இணையத்தை நிறுத்தவில்லை. அரசின் துப்பாக்கி கொன்ற இடத்தில் நிறுத்தினார்கள். வதந்தி ஆபத்தில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர் ஜாதிப் பெருமிதக் குழுக்களின் கைபேசிகளை ஒரு வாரம் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இலங்கையில் 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறைக்குத் தன் தளம் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் 2020ல் மன்னிப்புக் கேட்டது. கதவைச் சாத்துகிற கை எந்த வதந்திக்காகச் சாத்துகிறது, எதற்காகத் திறந்தே விடுகிறது என்பதுதான் என் கேள்வி.

அன்று சாத்துவதற்கான சட்டமாக இருந்தது 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம், அதன் கீழ் 2017ல் வந்த விதிகள். தந்திச் சேவையையே 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். தந்தி செத்தும், வெள்ளைக்காரன் தந்திக்குப் போட்ட சட்டம் சாகவில்லை. 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. நிறுத்தி வைக்கும் அதிகாரம் அதிலும் பத்திரமாக இருக்கிறது. காலவரையின்றி நிறுத்தக்கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10ல் உச்ச நீதிமன்றம் காஷ்மீர் வழக்கில் சொன்னது. காஷ்மீருக்கு 4ஜி திரும்பக் கிடைத்தது 2021 பிப்ரவரியில். மணிப்பூரில் 2023 மே 4ல் பெண்களுக்கு நடந்த கொடுமையின் காணொளி, இணையம் நிறுத்தப்பட்டிருந்த அந்த மாநிலத்திலிருந்து ஜூலை 19ல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. பொட்டலம் ஆயிரம் வழி தேடலாம். கடைசி வழி கைபேசிக் கோபுரம். அதை வைத்திருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். அவர்களுக்கு ஒரு தாள் போதும்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் அந்த இளம் தோழரிடம் இதில் கொஞ்சம் சொன்னேன். "அப்போ என்னதாண்ணே பண்ணச் சொல்றீங்க, எல்லாத்தையும் அழிச்சிட்டு சைக்ளோஸ்டைலுக்குப் போகவா?" என்றார். மதுரைத் திட்டத்துக் கோப்புகளை நூறு பேர் தங்கள் சொந்தக் கணிப்பொறிகளில் வைத்திருப்பதைச் சொன்னேன். ஒரு இடத்தில் போனாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். பரான் வரைந்த மூன்றாவது படம் கொஞ்சமாவது நடக்கிற இடம் அதுதான், அதுவும் நூறு பேர் சிரமப்பட்டு எடுத்து வைத்ததால். உறுப்பினர் பட்டியலை மட்டும் கம்பெனிக் கிடங்கிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

2018 மே 23 சாயங்காலம் நான் பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் பேச்சு மட்டும் வேலை செய்தது. தூத்துக்குடி அரசு மருத்துவமனை வாசலில் நின்றிருந்த நண்பர் கூப்பிட்டு, தனக்குத் தெரியவந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கூச்சலில் சரியாகக் கேட்கவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டு மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அடுத்த முனையில் இருந்த இன்னொரு நண்பருக்கு அதை நான் படித்துச் சொன்னேன், அவர் சென்னைக்குச் சொன்னார். பிறகு வெளியான பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு பெயர்களை நான் தப்பாக எழுதியிருந்தது தெரிந்தது.