எலும்புருவும் மருட்கையும்: பழவேற்காட்டுக் கல்லறை வாயிற் சிற்பங்களை முன்வைத்து

பழவேற்காட்டு ஏரிக்கரையில் டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். கோட்டை அழிந்துபட்டது; அவர்தம் 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் எஞ்சியுள்ளது. அதன் வாயிலில் இரண்டு எலும்புருவங்கள் மணற்கடிகாரத்தோடும் மண்டையோட்டோடும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. இவற்றை ‘அச்சமூட்டும் சிற்பங்கள்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. மெய்ப்பாட்டியல் வழி நோக்கின் அச்சொல் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

செய்வித்தோர் நோக்கம் தெளிவானது. அதே நூற்றாண்டின் டச்சு ஓவியத்தில் ‘வானிட்டாஸ்’ என்றொரு வகை தழைத்தது. பீட்டர் கிளாஸ் 1630இல் வரைந்து, இன்று ஹேக் நகரின் மௌரித்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியம் அதற்குச் சான்று. மண்டையோட்டைக் காண்பவன் தன் இறப்பை நினைக்கவேண்டும் என்பது அம்மரபு. ஆனால் அதனை அறியாத கண்ணுக்கு மணற்கடிகாரம் இறப்பின் குறியன்று. முல்லைப்பாட்டின் நாழிகைக் கன்னல் பாசறையில் வேந்தனுக்குப் பொழுதறிவிக்கும் கருவி மட்டுமே. நிகழ்த்துவோனிடம் தோன்றியது பார்ப்போனை அடைதலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியக் கருத்தை இளம்பூரணர் எடுத்தாள்கிறார். பழவேற்காட்டு வாயிலில் அது முழுமையாக நிகழ்வதில்லை.

அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறுவன அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கு. எலும்புருவை அணங்கினுள் அடக்கலாம். எனினும் அது வலிந்து பொருத்துவதாகவே படுகிறது. மருட்கைக்குரிய புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பனவற்றுள் ஆக்கம், ஒன்று மற்றொன்றாகத் திரிதல், இங்கு மிகப் பொருந்துகிறது. நின்ற மனிதன் எலும்பாகியும் நிற்கிறான். குப்பங்களிலிருந்து சந்தைக்கு வந்து இவ்வாயிலை அடிக்கடி கடப்போர்க்குப் புதுமை தேய்ந்துவிடும். அச்சமும் அவ்வாறே. ஆக்கத்தால் பிறந்த வியப்பு அத்துணை விரைவில் தேய்வதில்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. தமிழ்க் கண்ணில் எலும்புரு ஏற்கெனவே ஓர் இடம் பெற்றுவிட்டது. பழவேற்காடு அமைந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் திருவாலங்காடும் உள்ளது. வற்றிய பேயுருவில் இறைவனின் ஆடலைக் கண்ட காரைக்கால் அம்மையாரின் படிமத்தின் முன் அடியவர் அஞ்சுவதில்லை, கைகுவிக்கின்றனர். டச்சு எலும்புரு காண்பவனை நோக்கி எச்சரிக்கிறது. அம்மையாரின் உருவோ தானே ஒரு காண்போராக இருந்து தாளமிடுகிறது.

பேயையும் புலியையும் கண்டு அஞ்சியவனை எடுத்துக்காட்டி, சுவைப்படுபொருள், சுவை, குறிப்பு, சத்துவம் என நான்காக வகுக்கிறார் இளம்பூரணர். நடுக்கமும் வியர்ப்பும் சத்துவம். வரிசை அத்துடன் முடிகிறது. அம்மையாரோ கண்டபின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களைப் பாடினார். கண்டதனால் பிறக்கும் படைப்புக்கு அந்நான்கனுள் இடமில்லை. மெய்ப்பாட்டை இன்றைய கலைத்திறனாய்வில் பயன்படுத்துவோர், சத்துவத்திற்குப்பின் ஐந்தாவதாக ஒன்றை வகுத்துக்கொண்டே தொடங்கவேண்டியுள்ளது.